கறையும் சாயமும்

திருகோணமலை நகரிலிருந்து உப்புவெளி வழியாக நிலாவெளிக்குச் செல்லும் வீதியோரத்தில் செவ்விளநீர்க் குலைகளை அடுக்கிவைத்து விற்போரைக் காணலாம். பாடசாலை விட்டு வரும் சிறுவன் ஒருவன் அங்கே நின்று ஓர் இளநீரை வாங்கிக் குடிக்கின்றான் என்று கொள்வோம். குடிக்கும் அவசரத்தில் சில துளிகள் அவனுடைய வெள்ளைச் சட்டையிற் சிந்துகின்றன. கோம்பையின் வெட்டுவாய் சட்டையின் கைப்பகுதியில் உரசுகின்றது. அவ்வேளையில் ஒன்றும் தெரிவதில்லை. வீட்டுக்கு வந்து, துவைத்துக் காயப்போட்ட பின்னரே செம்பழுப்பான தடம் ஒன்று துணியில் மெல்ல எழுகின்றது. தாய் அதன்மேற் சவர்க்காரத்தைத் தேய்க்கத் தேய்க்க, கறை மங்குவதற்குப் பதிலாகச் சற்றுக் கறுக்கின்றது. திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கும் அம்மம்மா, “அதோடே மினக்கெடாதே பிள்ளை, இளநீர்க் கறை துணி கிழியுமட்டும் போகாது” என்று சொல்லிவிடுகின்றார்.

அம்மம்மாவின் அச்சிறு சொல்லிலே ஒரு கைத்தொழிலின் வித்து அடங்கியுள்ளது. துணி கிழியும்வரை போகாத நிறத்துக்குத்தானே சாயம் என்று பெயர்! வேண்டாத இடத்தில், வேண்டாத அளவிற் பற்றிக்கொண்ட சாயம் கறை எனப்படும். வேண்டிய இடத்தில், வேண்டிய அளவிற் பற்றச்செய்த கறை சாயம் எனப்படும். தென்னம்பொச்சிலிருந்து துணிக்கு நிறம் ஊட்டலாம் என்பது கேட்போர் சிலருக்குப் புதுமையாகத் தோன்றக்கூடும். ஆயினும் அந்தப் புதுமையை ஒவ்வொரு வீட்டிலும் விரும்பாமலே பலமுறை கண்டிருக்கின்றனர். கண்டதை அளந்து, ஒழுங்குபடுத்தி, மறுமுறையும் அவ்வாறே செய்யக் கற்பதொன்றே எஞ்சியிருக்கும் வேலை.

இந்த நிறம் எங்கிருந்து வருகின்றது? இளநீர்க் கோம்பையை வெட்டியவுடன் அதன் உட்புறம் வெண்மையாக இருக்கின்றது. சிறிது நேரம் காற்றுப் பட்டதும் அவ்வெண்மை இளஞ்சிவப்பாகிப் பின்னர்ப் பழுப்பாகின்றது. வெட்டிய வாழைக்காயும் கத்தரிக்காயும் நிறம் மாறுவதைப் போன்றதே இதுவும். மட்டையில் உள்ள பீனோல் வகைப் பொருள்கள் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேரும்போது இம்மாற்றம் நிகழ்கின்றது. அப்பொருள்களுள் முக்கியமானது தனின் எனப்படும் துவர்ப்புப் பொருளாகும். பாக்கிலும், மாதுளந்தோலிலும், கடுக்காயிலும், தேயிலையிலும் நாவை இழுக்கும் துவர்ப்பு எதுவோ, அதுவே தென்னம்பொச்சிலும் இருக்கின்றது. பாலில்லாத தேநீரைச் சாயம் என்றே குறிப்பிடும் பேச்சுவழக்கு இந்நாட்டில் உண்டு. அவ்வழக்கு பொருளற்றதன்று, தேநீர் சிந்திய துணியைத் துவைத்துப் பார்த்தவர் அதனை அறிவர்.

இன்னும் ஒரு சிறு நிகழ்ச்சியையும் கவனிக்கவேண்டும். இளநீர் வெட்டும் இரும்புக் கத்தியின் அலகு சில நாட்களிற் கருநீலமாகிவிடுகின்றது. அக்கத்தி பட்ட இடத்தில் மட்டையும் கறுக்கின்றது. துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்தாற் கருநிறம் பிறக்கும் என்பதே இதன் காரணம். முன்னோர் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து எழுதுமை செய்தது இந்த விதியைக்கொண்டேயாம். மேனாடுகளிலும் பல நூற்றாண்டுகளாக மரக்காய்களின் துவர்ப்போடு இரும்பின் உப்பைச் சேர்த்தே மை காய்ச்சினர். ஆகவே, வீதியோரத்து இளநீர்க் கத்தியிற் படியும் கறுப்பும், பழைய பத்திரங்களில் இன்றும் அழியாதிருக்கும் எழுத்தும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை.

திருகோணமலைக் கரையோர மக்களுக்கு இத்துவர்ப்பின் பயன் புதியதன்று. இயற்கையாய் அமைந்த துறைமுகங்களுள் உலகப் புகழ் பெற்றது திருகோணமலைத் துறைமுகம். போர்த்துக்கேயரும், ஒல்லாந்தரும், பிரான்சியரும், ஆங்கிலேயரும் அதன்மேற் கண்வைத்தனர். ஆங்கிலேயரின் கடற்படைத்தளம் 1957 ஆம் ஆண்டிலேயே இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. ஆனால், பெருங்கப்பல்கள் நங்கூரமிட்ட அந்நீருக்கு அருகே, தோணியும் வலையுமாக வாழ்ந்த கடற்றொழிலாளர் தமக்கென ஓர் இரசாயன அறிவை வளர்த்துக்கொண்டனர். பருத்தி நூலாலும் சணலாலும் பின்னிய வலை கடல்நீரில் விரைவில் இற்றுப்போகும். நீரில் வாழும் நுண்ணங்கிகள் அந்நாரைத் தின்றுவிடும். அதனைத் தடுப்பதற்காகக் கண்டல் மரப்பட்டையை அவித்த நீரிலே வலையைத் தோய்த்தனர். பனிச்சை மரத்தின் பசுங்காயை இடித்துப் பிழிந்த சாற்றையும் பயன்படுத்தினர். அக்காய்ச் சாறு வலைக்கு உரமும் கருநிறமும் தந்தது. தோணியின் பலகை இடுக்குகளை அடைப்பதற்கும் உதவியது. திருகோணமலைக்குத் தெற்கே வாகரைப் பக்கத்திலுள்ள பனிச்சங்கேணி என்னும் ஊர்ப்பெயர் அம்மரத்தை இன்றும் நினைவூட்டுகின்றது. தோணிப் பாய்களுக்கும் இத்தகைய பட்டைச்சாயம் ஏற்றுவதுண்டு.

இவ்வழக்கம் ஏன் மறைந்தது? 1950 களின் பிற்பகுதி தொடக்கம் நைலோன் வலை இந்நாட்டுக் கரைகளிற் பரவியது. நைலோன் நீரில் இற்றுப்போவதில்லை. அதற்குத் துவர்ப்பின் காவல் வேண்டியதில்லை. வலைக்குச் சாயம் காய்ச்சிய பெரும் பானைகள் ஒவ்வொன்றாகக் கரையை விட்டு அகன்றன. நைலோன் வலை மீனவரின் உழைப்பைக் குறைத்தது. அதனைக் குறை கூறுதல் நன்றன்று. ஆனால், எந்தக் காயை எப்போது பறிப்பது, எந்தப் பட்டையை எவ்வளவு நேரம் அவிப்பது, எத்தனை முறை தோய்ப்பது என்னும் அறிவை எவரும் எழுதிவைக்கவில்லை. பயன் போயிற்று, பயனோடு அறிவும் போயிற்று. பயன் மீண்டும் தேவைப்படும்போது அறிவைத் தேடி அலைய வேண்டியதாகின்றது.

வட இலங்கையில் இதனினும் பெரியதொரு சாயத்தொழிலுக்கு நேர்ந்த கதியையும் ஈண்டு நினைத்தல் தகும். மன்னாரிலும், யாழ்ப்பாணக் குடாநாட்டிலும், அதனைச் சூழ்ந்த தீவுகளிலும் மணற்பாங்கான நிலத்தில் இம்பூறல் என்னும் சிறு பூண்டு தானாக முளைக்கும். அதன் வேரே சாயவேர். படிகாரம் ஏற்றிய பருத்தித் துணியை அவ்வேரோடு அவித்தால் அழகிய செந்நிறம் பிடிக்கும். சோழமண்டலக் கரையின் வண்ணத்துணிகள் கடல்கடந்து பெற்ற புகழுக்கு அச்செந்நிறமும் ஒரு காரணமாகும். 1658 ஆம் ஆண்டில் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றிய ஒல்லாந்தர், சாயவேரின் மதிப்பை நன்கு உணர்ந்து அதனைத் தமது தனியுரிமையாக்கினர். வேர் கிண்டுதல் ஒரு பகுதி மக்களின்மேல் விதிக்கப்பட்ட கடமையாயிற்று. வெயிலில் மணலைக் கிளறி வேர் சேர்த்தவர் ஒருவர். அதன் இலாபத்தைக் கண்டவர் இன்னொருவர். பின்னர், 1868 ஆம் ஆண்டில், கிறேபே, லீபர்மான் என்னும் ஜெர்மனிய இரசாயனவியலாளர் இருவர், செந்நிற வேர்களிலுள்ள அலிசரின் என்னும் நிறப்பொருளை ஆய்வுகூடத்திலேயே ஆக்கிக் காட்டினர். அதன்பின் உலகச் சந்தையிற் சாயவேருக்கு இடமில்லாது போயிற்று.

சாயவேரின் வரலாறும் கண்டற்பட்டையின் வரலாறும் சேர்ந்து ஒரு பாடத்தைக் கற்பிக்கின்றன. வேரைக் கிண்டினாற் செடி மாயும். பட்டையை உரித்தால் மரம் வாடும். கொட்டியார்க்குடாவைச் சூழ்ந்தும் கிண்ணியாப் பகுதியிலும் எஞ்சியுள்ள கண்டற்காடுகள் மீனினதும் இறாலினதும் தொட்டிலாகும். அவற்றின் பட்டையை மீண்டும் உரிக்கத் தொடங்குதல் எவ்வாற்றானும் தகாது. தென்னம்பொச்சோ இவ்விரண்டினின்றும் வேறானது. எவரும் சாயத்துக்காகத் தென்னையை வெட்ட வேண்டியதில்லை. காயைக்கூடப் பறிக்க வேண்டியதில்லை. உண்டு முடித்தபின், குடித்து முடித்தபின் எறியப்படுவதிலிருந்தே இந்நிறம் கிடைக்கின்றது.

எறியப்படுவது எவ்வளவு? இலங்கையில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 250 கோடி முதல் 300 கோடி வரையான தேங்காய்கள் விளைகின்றன. முற்றிய காயின் நிறையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மட்டையாகும். அம்மட்டையிலும் தும்பு நூற்றுக்கு முப்பது பங்களவே, எஞ்சியது தும்புத்தூள். குருநாகல், புத்தளம், கம்பகா ஆகிய மாவட்டங்கள் அடங்கிய தென்னை முக்கோணத்திலே தும்பு ஆலைகள் பல உண்டு; அங்கே மட்டைக்கு விலையுண்டு. முன்னர்க் குப்பையெனக் குவிந்துகிடந்த தும்புத்தூளும் இன்று கட்டிகளாக அழுத்தப்பட்டு, பிறநாட்டு நாற்றுமேடைகளுக்கு ஏற்றுமதியாகின்றது. முற்றிய மட்டைகளைத் தென்னையைச் சுற்றிக் குழிவெட்டிப் புதைத்தால், அவை மழைநீரைப் பிடித்துவைத்து வரட்சியில் மரத்தைக் காக்கும் என்பதும் தென்னந்தோட்டக்காரர் அறிந்ததே. ஆகவே, எல்லா மட்டையும் கழிவு என்று கூறுதல் பொருந்தாது. ஆனால், கடற்கரைக்கு வரும் உல்லாசப் பயணிகளும் ஊரவரும் குடித்துவிட்டு எறியும் இளநீர்க் கோம்பையின் நிலை வேறு. அதன் தும்பு முற்றாதது, கயிற்றுக்கு உதவாது. ஈரம் மிகுந்ததாகையால் விறகாகவும் உடனே எரியாது. அது வீதியோரத்திலும், வாய்க்காலிலும், பற்றைக்குள்ளும் குவிகின்றது.

குவிந்த கோம்பை வெறும் அசிங்கம் மாத்திரமன்று, ஆபத்துமாகும். குடைந்த கோம்பை ஒவ்வொன்றும் மழைநீரை ஏந்தும் ஒரு கிண்ணம். டெங்கு நோயைப் பரப்பும் நுளம்பு தெளிந்த சிறு நீர்த்தேக்கங்களிலேயே முட்டையிடுகின்றது. 2017 ஆம் ஆண்டின் முற்பகுதியிற் கிண்ணியாவில் டெங்கு பரவி உயிர்களைக் கவர்ந்ததை அப்பிரதேச மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வாண்டில் நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் நோய்வாய்ப்பட்டனர்; 400 பேருக்கு மேல் இறந்தனர். அதற்கு இளநீர்க் கோம்பை மட்டுமே காரணமென்று எவரும் கூறார். எனினும், வீட்டைச் சுற்றி நீர் தேங்கும் பொருள்களின் பட்டியலைச் சுகாதார உத்தியோகத்தர் படிக்கும்போது, சிரட்டையும் கோம்பையும் அதில் தவறாது இடம்பெறுகின்றன.

நீர்நிலையில் மட்டையை எறிந்துவிட்டாற் கேடு தீருமோ எனின், அதுவும் இல்லை. கேரளத்தின் வேம்பநாடு, அஷ்டமுடி முதலிய காயல்களில் தும்புக்காக மட்டையை மாதக்கணக்கில் ஊறப்போடுவது நெடுங்காலத் தொழிலாகும். அம்மட்டையிலிருந்து துவர்ப்புப் பொருளும் பிற பொருள்களும் கசிந்து நீரைக் கரும்பழுப்பாக்குகின்றன. நுண்ணங்கிகள் பெருகி நீரிலுள்ள ஒட்சிசனைத் தீர்த்துவிடுகின்றன. அழுகிய முட்டையின் நாற்றமுள்ள வாயு எழுகின்றது. மட்டை ஊறும் இடங்களில் மீனும் சிப்பியும் அருகிப்போவதை ஆய்வாளர் பலமுறை எடுத்துக்காட்டியுள்ளனர். நீரிலே கசிந்து மீனை விரட்டும் அதே பழுப்புநிறப் பொருள்தான், பானையிலே வடிந்தாற் புடைவைக்கு நிறமாகின்றது. போகும் இடத்தைப் பொறுத்தே அது நஞ்சாகவோ நன்மையாகவோ அமைகின்றது.

இனி, அதனைப் பானையில் வடிக்கும் முறையைப் பார்ப்போம். வெட்டி ஒரு நாளுக்கு மேற்படாத கோம்பைகளை எடுத்துச் சிறு துண்டுகளாக நறுக்கவேண்டும். சேமித்துவைக்க வேண்டுமாயின் அத்துண்டுகளை நன்கு வெயிலில் உலர்த்திக்கொள்ளலாம். நீரில் நெடுநாள் ஊறிக் கிடந்த மட்டை உதவாது. அதன் நிறம் ஏற்கெனவே நீருக்குப் போய்விட்டிருக்கும். 100 கிராம் நிறையுள்ள பருத்தித் துணிக்கு ஏறத்தாழ 500 கிராம் பச்சைக் கோம்பைத் துண்டுகள் என்ற அளவில் தொடங்கலாம். அவற்றை 4 லீற்றர் நீரில் ஓரிரவு ஊறவைத்து, மறுநாள் ஒரு மணிநேரம் மெல்லிய தீயில் அவித்து, ஆறியபின் வடிகட்டினால் செம்பழுப்பான சாயநீர் கிடைக்கும். அவிக்கும் பாத்திரம் எனாமல் பூசியதாகவோ, துருப்பிடிக்காத உருக்கினாலானதாகவோ இருத்தல் வேண்டும். இரும்புச் சட்டியில் அவித்தால், கத்தியிற் கண்ட கறுப்பு சாயநீரிலும் ஏறிவிடும்.

துணியையும் ஆயத்தஞ் செய்யவேண்டும். புதிய பருத்தித் துணியில் நெய்வோர் இட்ட கஞ்சியும், பஞ்சின் இயற்கை மெழுகும் இருக்கும். சலவைச் சோடா சிறிது இட்டு அவித்து, பலமுறை அலசி அவற்றைப் போக்காவிட்டால் நிறம் திட்டுத்திட்டாகவே பிடிக்கும். அலசிய துணியை இளஞ்சூடான சாயநீரில் ஒரு மணிநேரம் புரட்டி, அதிலேயே ஓரிரவு ஊறவிட வேண்டும். இவ்வளவோடு நிறுத்தினாற் சந்தனத்தை ஒத்த மெல்லிய நிறம் ஒன்று கிடைக்கும். அது நிலைக்கவும் ஆழமாகவும் வேண்டுமாயின், நூலையும் சாயத்தையும் பிணைக்கும் மூன்றாவது பொருள் ஒன்று வேண்டும். அதனை நிறமூன்றி என்பர். பழந்தமிழ்ச் சாயக்காரர் கைக்கொண்ட நிறமூன்றி படிகாரமேயாம். 15 கிராம் படிகாரத்தை 3 லீற்றர் வெந்நீரிற் கரைத்து, சாயநீரிலிருந்து எடுத்துப் பிழிந்த துணியை அதில் ஒரு மணிநேரம் வைத்து, அலசி, மீண்டும் சாயநீரில் இட்டுச் சூடாக்கினால், செம்மை கலந்த பழுப்பு உறுதியாக ஏறும்.

படிகாரத்துக்குப் பதிலாக அன்னபேதியைப் பயன்படுத்தினால் விளைவு முற்றும் வேறாகும். 2 கிராம் அன்னபேதியைக் கரைத்த நீரிலே சாயம் பிடித்த துணியைச் சில நிமிடங்கள் தோய்த்தவுடன், பழுப்பு கண்முன்னே சாம்பர்நிறமாக மாறுவதைக் காணலாம். மாணவர் இதனை ஒருமுறை பார்த்தால், இரசாயன மாற்றம் என்பதற்கு வேறு விளக்கம் கேட்கமாட்டார்கள். ஆனால், கறுப்பின்மேல் ஆசைகொண்டு அன்னபேதியை அதிகமாக இடுதல் ஆகாது; இரும்பு மிகுந்தால் நூல் காலப்போக்கில் நலிந்துவிடும். மயில்துத்தம் நஞ்சுடையது, குரோமியம் சேர்ந்த உப்புகள் அதனினும் கொடியவை. அவற்றை வீட்டிலும் பாடசாலையிலும் தொடாமல் விடுதலே அறிவுடைமை. நிறமூன்றி கரைத்த நீரை எப்பொழுதும் வேறு பாத்திரத்தில் வைத்தல் வேண்டும். அவ்வாறு செய்தால், சாயம் இறக்கிய பொச்சு மாசுபடாமல் இருக்கும். அதனை உலர்த்தி விறகாக்கலாம், அன்றித் தென்னையின் அடியிற் புதைக்கலாம். சாயம் எடுத்ததனால் மரம் பெறவேண்டிய பங்கு முற்றாக இழக்கப்படுவதில்லை.

திருகோணமலையின் பருவநிலையும் இத்தொழிலுக்கு இயைந்ததே. உல்லாசப் பயணிகள் மிகுதியாக வரும் காலம், ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரை, வரண்ட காலமாகும். கோம்பையும் அப்பொழுதே குவிகின்றது. அதனை உலர்த்த வெயிலும் அப்பொழுதே கிடைக்கின்றது. ஒக்டோபருக்குப் பின் வாடைக்காற்றோடு மழை பெய்கின்றது. கரையோரக் கிணற்றுநீரில் உப்பும் சில இடங்களில் இரும்பும் கலந்திருப்பதால் நிறம் மங்கலாகும். மழைநீரோ அத்தகைய குறை இல்லாதது. வெயிற்காலத்தில் உலர்த்தி வைத்ததை மழைக்காலத்தில் அவிக்கும் ஒழுங்கை ஏற்படுத்திக்கொண்டால், கடல் கொந்தளித்து வருவாய் குன்றும் மாதங்களிற் கடற்றொழிலாளர் குடும்பத்துப் பெண்களுக்கு வீட்டிலிருந்தே செய்யத்தக்க வேலை ஒன்று கிடைக்கும்.

இவ்வளவு நன்மை இருக்குமாயின், இத்தொழில் ஏன் எங்கும் தழைக்கவில்லை என்று கேட்போர் உண்டு. அக்கேள்வி நேர்மையானது, அதற்கு நேர்மையாகவே விடையளித்தல் வேண்டும். முதலாவதாக, தென்னம்பொச்சு தருவது பழுப்பும் சாம்பருமேயன்றி, கண்ணைப் பறிக்கும் சிவப்போ பச்சையோ அன்று. இரண்டாவதாக, ஒரு மரத்துக் கோம்பை தரும் நிறத்தை இன்னொரு மரத்துக் கோம்பை தருவதில்லை. காயின் பருவமும் நீரின் தன்மையும் நிறத்தை மாற்றுகின்றன. மூன்றாவதாக, வேலை மிகுதி. விறகும் நீரும் மிகுதியாகச் செலவாகும். 1856 ஆம் ஆண்டில், பதினெட்டு வயதே நிரம்பிய வில்லியம் ஹென்றி பேர்க்கின் என்னும் மாணவர், இலண்டனிலே கொயினா மருந்தை ஆக்க முயன்றபோது தற்செயலாக ஊதாநிறச் சாயம் ஒன்றைக் கண்டார். அன்று தொடங்கிய செயற்கைச் சாயம், எல்லா நிறத்தையும், எப்பொழுதும் ஒரே அளவில், மலிவாகத் தருகின்றது. அதனோடு பொச்சுச்சாயம் போட்டியிட்டு வெல்லும் என்று கூறுதல் மக்களை ஏமாற்றுவதாகும்.

ஆயினும் செயற்கைச் சாயத்துக்கும் ஒரு விலையுண்டு. அது விலைப்பட்டியலிற் காணப்படுவதில்லை. அசோச் சாயங்களுட் சில, புற்றுநோய் விளைவிக்கவல்ல பொருள்களாகச் சிதையக்கூடியவை என்று கண்டு, ஜெர்மனி 1994 ஆம் ஆண்டிலும், ஐரோப்பிய ஒன்றியம் 2002 ஆம் ஆண்டிலும் அவற்றைத் துணிகளில் தடைசெய்தன. தமிழகத்தின் திருப்பூரில், சாயப்பட்டறைகளின் கழிவால் நொய்யல் ஆறு கெட்டு, ஒரத்துப்பாளையம் அணையின் நீர் உழவுக்கு உதவாது போயிற்று. 2011 ஆம் ஆண்டு ஜனவரியிற் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஆறும் வயலும் இழந்தவர் ஒருபுறம், வேலை இழந்தவர் மறுபுறம் என இருசாராரும் துன்புற்றனர். அத்துன்பத்திலிருந்து கற்கவேண்டியது, இயற்கைச் சாயம் யாவும் நல்லது, செயற்கைச் சாயம் யாவும் தீயது என்பதன்று. எச்சாயமாயினும் அதன் கழிவுநீர் எங்கே போகும் என்று முதலிலேயே கேட்காத தொழில், பின்னர் அக்கேள்விக்கு மிகப் பெரிய விலை கொடுக்கும் என்பதே. படிகாரமும் அன்னபேதியும் கரைந்த நீரைக் கிணற்றடியில் ஊற்றினால், பொச்சுச்சாயமும் அப்பழிக்குத் தப்பாது.

ஆகவே, இத்தொழிலைப் பெரிதாக்குவதினும் சிறிதாகவே செம்மையாக்குவது நன்று. கிழக்கு மாகாணத்தில் கைத்தறிக்குப் பெயர்பெற்ற மருதமுனை போன்ற ஊர்கள் இருக்கின்றன. கையால் நெய்த துணிக்குக் கையால் ஏற்றிய நிறம் பொருந்தும். ஒரே மாதிரியான ஆயிரம் துணிகளை வேண்டுவோர் ஆலைக்குச் செல்லட்டும். ஒன்றுக்கொன்று சிறிது வேறுபட்ட பத்துத் துணிகளை விரும்பி வாங்குவோரும் உலகில் உண்டு. அத்தகையோர் திருகோணமலைக் கடற்கரைக்கே வருகின்றனர். தாம் குடித்த இளநீரின் கோம்பையே தம் கையிலுள்ள துணிக்கு நிறமாயிற்று என்று அவர்கள் அறியும்போது, அத்துணி நிலாவெளியின் நினைவாக அவர்கள் நாட்டுக்குச் செல்லும். ஆனால், முதல் துவைப்பிலே நிறம் கரைந்துவிடுமாயின் அந்த நல்லெண்ணமும் அதனோடு கரைந்துவிடும். எனவே, விற்பதற்கு முன் சோதிப்பது கடமையாகும்.

சோதனைக்குப் பெரிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. ஒரு பாடசாலையின் எட்டாம் வகுப்பு மாணவரே அதனைச் செய்துவிடலாம். சாயமேற்றிய துணியை நான்கு துண்டுகளாக வெட்டவேண்டும். ஒன்றைத் தொடாமல் இருட்டில் வைக்கவேண்டும். இரண்டாவதைச் சவர்க்காரமிட்டுப் பத்துமுறை துவைக்கவேண்டும். மூன்றாவதன் ஒரு பாதியைக் கடதாசி அட்டையால் மூடி, மறுபாதியில் இரண்டு வாரம் வெயில் படவிட வேண்டும். நான்காவதை ஈரமாக்கி வெள்ளைத் துணியோடு சேர்த்துச் சுருட்டி, மறுநாள் நிறம் ஒட்டியுள்ளதா என்று பார்க்கவேண்டும். பின்னர் நான்கையும் ஓர் அப்பியாசக் கொப்பியில் ஒட்டி, எந்த ஊர்க் கோம்பை, என்ன பருவம், எவ்வளவு நிறை, எந்த நீர், எவ்வளவு நேரம், எந்த நிறமூன்றி, எந்தத் திகதி என்று பக்கத்திலே எழுதவேண்டும்.

இந்தக் கொப்பியே இத்தொழிலின் உண்மையான முதலீடு. பனிச்சங்காய் இடித்தவர்களிடமும் கண்டற்பட்டை அவித்தவர்களிடமும் அறிவு குறைவாக இருக்கவில்லை. அவ்வறிவைத் தாங்குவதற்கு ஒரு கொப்பிதான் இருக்கவில்லை. அவர்களுட் சிலர் இன்றும் மூதூரிலும், கிண்ணியாவிலும், குச்சவெளியிலும் முதுமையோடு வாழக்கூடும். தம் தந்தையர் வலைக்குச் சாயம் காய்ச்சியதைச் சிறுவயதிற் கண்ட அம்முதியோரிடம் மாணவர் சென்று, “அப்பு, அந்தக் காலத்திலே பானை எவ்வளவு நேரம் கொதித்தது? வலையை எத்தனை தரம் தோய்த்தீர்கள்?” என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும். அவ்விடைகளுட் பல, பொச்சுச்சாயத்துக்கும் பொருந்துவதைக் காண்பர். கேட்பதற்கு இன்னும் காலம் இருக்கின்றது. ஆனால் அக்காலம் நீண்டதன்று.

இளநீர் குடித்துவிட்டுச் சட்டையைக் கறையாக்கி வந்த சிறுவனை ஏசுவதற்கு முன், அத்துணியின் மூலையை இரும்பாணி ஊறிய நீரிலே தாய் தோய்த்துக் காட்டட்டும். பழுப்புக் கறை அவன் கண்ணெதிரே கருஞ்சாம்பராக மாறும். ஏன் மாறியது என்று அவன் கேட்பான். சட்டை ஒன்று போனாலும், அக்கேள்வி அந்த வீட்டில் இருக்கட்டும்.